எக்நாக் பெட்டியைத் திருப்பிப் படிப்பது எப்படி?

போன டிசம்பரில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு உயரமான அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். எக்நாக். "முட்டையும் பாலும்தாம்மா, மேல கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள்" என்றாள்.

எனக்கு உடனே எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. பெரம்பூரில் நாங்கள் வளர்ந்த காலத்தில், காய்ச்சல் விட்டு எழுந்திருக்கும் பிள்ளைக்கு அம்மா சூடான பாலில் முட்டையை அடித்து ஊற்றி, மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார். உடம்பு தேறும் என்பார். அதுதான் இது, ஆறிப்போய் டப்பாவில் வந்திருக்கிறது என்று நினைத்தேன். சென்னையிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோன என் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளரும் குடித்தேன்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினொரு வருஷம் ஆகிறது. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் குளுக்கோமீட்டர் 274 காட்டியது. அதே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் 132 இருந்தது. நான் முப்பது வருஷம் உயிரியல் பாடம் நடத்தியவள். பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று ஒரு தடவை திருப்பிப் பார்க்காமல் குடித்துவிட்டோமே என்று அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெட்டியையும் டம்ளரையும் சமையல் தராசையும் மேஜையில் வைத்து உட்கார்ந்தேன்.

டிசம்பரில் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற அப்பா அம்மாக்கள் நம் தெருவிலேயே எத்தனையோ பேர். அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்று ஏதாவது ஒரு மாத்திரை கைப்பையில் இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது கலோரி இல்லை. அது பெரிய எழுத்தில் இருப்பதால் கண் தானாக அங்கே போகும். அதற்கு மேலே 'சர்விங் சைஸ்', அதாவது ஒரு தடவைக்கான அளவு, என்று ஒரு வரி இருக்கும். எக்நாக்குக்கு அமெரிக்காவில் அந்த அளவு அரைக் கப், அதாவது 120 மில்லி. கீழே இருக்கும் எல்லா எண்களும் அந்த 120 மில்லிக்கு மட்டும்தான். 946 மில்லி பெட்டி என்றால் அதில் எட்டு சர்விங் என்று அதற்கு மேலேயே போட்டிருப்பார்கள்.

பாலுக்கும் ஜூஸுக்கும் அங்கே ஒரு முழு கப், 240 மில்லி, கணக்கு. அதனால் பால் பெட்டியையும் எக்நாக் பெட்டியையும் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். பால் 150 கலோரி, எக்நாக் 180 கலோரி, பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். பாலின் 150 முழு கப்புக்கு, எக்நாக்கின் 180 அரைக் கப்புக்கு. ஒரே அளவு ஊற்றினால் எக்நாக் இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, நம் டம்ளர் எவ்வளவு பிடிக்கும்? இதைக் கட்டாயம் அளந்து பாருங்கள். சமையல் தராசில் காலி டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி, அதனால் தராசு காட்டுவதுதான் உங்கள் டம்ளரின் அளவு. என்னுடையது விளிம்புக்கு ஒரு விரல் கீழே 180 காட்டியது. அதாவது ஒரு டம்ளருக்கு ஒன்றரை சர்விங். நான் குடித்த இரண்டு டம்ளர் மூன்று சர்விங். "அதுல அரைக் கப்புன்னு போட்டிருக்கு பாரும்மா" என்று மகளும் அப்போதுதான் கவனித்துச் சொன்னாள். அவளும் அத்தனை வருஷமாகக் காபி மக்கில்தான் குடித்திருக்கிறாள்.

அந்தப் பெட்டியில் அரைக் கப்புக்கு இருந்த எண்கள் இவை: 180 கலோரி, கொழுப்பு 9 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 5 கிராம், கொலஸ்ட்ரால் 65 மில்லிகிராம், மொத்தச் சர்க்கரை 21 கிராம், புரதம் 4 கிராம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். வழக்கமான எக்நாக் என்றால் கலோரி 170-லிருந்து 190-க்குள், சர்க்கரை 20 கிராமை ஒட்டி இருக்கும். மூன்றால் பெருக்கிப் பாருங்கள். அந்த ராத்திரி நான் 540 கலோரியும் 63 கிராம் சர்க்கரையும் குடித்திருக்கிறேன். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம் என்றால் கிட்டத்தட்ட பதினாறு ஸ்பூன். காபியில் அரை ஸ்பூன் போடவே யோசிக்கிறவள் நான். அதுவும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு.

சர்க்கரை வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் இரண்டு சர்க்கரை கலந்திருக்கிறது. 'டோட்டல் சுகர்ஸ்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, 'இன்க்லூட்ஸ் இத்தனை கிராம் ஆடட் சுகர்ஸ்' என்று இன்னொரு வரி. மொத்தத்தில் பாலுக்கே உரிய லாக்டோஸும் அடங்கும். ஆடட் என்பது கம்பெனி சேர்த்தது. இந்த இரண்டாவது வரி 2016-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் லேபிளை மாற்றி எழுதியபோது வந்தது. பெரிய கம்பெனிகள் 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம் போட வேண்டும் என்றார்கள். நான் பார்த்த பெட்டியில் 21-ல் 15 கிராம் சேர்த்தது.

அந்த வரி இல்லாத பானம் கையில் கிடைத்தால் நாமே உத்தேசமாகக் கணக்குப் போடலாம். பாலில் 100 மில்லிக்கு சுமார் 5 கிராம் லாக்டோஸ். பால்தான் பெரும்பங்கு என்றால் 120 மில்லிக்கு 6 கிராம். மொத்தச் சர்க்கரையிலிருந்து அதைக் கழித்தால் மீதி கரண்டியால் போட்டது. நம் ஊர் பாதாம் பால், ரோஸ் மில்க் பாட்டிலுக்கும் இதே கணக்கு ஒத்துவரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாக்டோஸ் இயற்கையானது என்றாலும் குளுக்கோமீட்டர் அதை விட்டுவிடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மொத்தச் சர்க்கரைக்கும் மேலே 'டோட்டல் கார்போஹைட்ரேட்' என்ற வரியைப் பாருங்கள். எங்களுக்கு அதுதான் முக்கியம். எடைக்காகவோ பிள்ளைகளுக்காகவோ பார்க்கிறவர்களுக்கு ஆடட் சுகர்ஸ் போதும். அமெரிக்க லேபிள் ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரையை உச்சமாக வைத்துச் சதவீதம் போடுகிறது, நம் நாட்டு லேபிளும் அதே 50 கிராம்தான். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. எனவே '30%' என்று போட்டிருப்பதை அந்தக் கணக்கில் 60% என்று படியுங்கள்.

கொழுப்புக்கு வருவோம். அமெரிக்காவில் எக்நாக் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமென்றால் சட்டத்தில் ஒரு இலக்கணம் இருக்கிறது. பால் கொழுப்பு 6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கொழுப்பில்லாத பால் திடப்பொருள் (பாலில் தண்ணீரும் கொழுப்பும் போக மீதி) 8.25 சதவீதமாவது வேண்டும், முட்டை மஞ்சள் கருவின் திடப்பொருள் குறைந்தது 1 சதவீதம், எல்லாம் பாஸ்ச்சரைஸ் செய்திருக்க வேண்டும். 6 சதவீதம் என்றால் நமக்குப் புரிகிற மாதிரிச் சொல்லலாம்: ஆவின் ஆரஞ்சு பாக்கெட். நீலப் பாக்கெட்டில் 3, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. பாயசத்துக்கும் தயிருக்கும் ஆரஞ்சு வாங்குவோமே, அந்தப் பாலைக் காய்ச்சாமல் கெட்டியாக்கி, டம்ளருக்கு ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறைவுற்ற கொழுப்பு வரியைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 20 கிராம் என்பது அமெரிக்க லேபிள் வைத்த அளவு. அரைக் கப்பிலேயே 5 போய்விடுகிறது.

முட்டை விஷயத்தில்தான் நான் முழுதாகத் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். மஞ்சள் கரு திடப்பொருள் 1 சதவீதம் என்றால் ஒரு லிட்டரில் சுமார் 10 கிராம். ஒரு பெரிய முட்டையின் மஞ்சள் கரு 17 கிராம் இருக்கும், அதில் பாதி தண்ணீர், மீதி 8 கிராம் சொச்சம் திடப்பொருள். ஆகவே சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், லிட்டருக்கு ஒரு மஞ்சள் கருவும் இன்னும் கொஞ்சமும்தான். அரைக் கப்பில் ஒரு மஞ்சள் கருவின் ஏழில் ஒரு பங்கு. நல்ல கம்பெனிகள் கூடுதலாகச் சேர்க்கலாம், சேர்க்கவும் செய்கிறார்கள். ஆனால் பெயரில் எக் இருப்பதால் புரதம் கொட்டிக் கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். அரைக் கப்பில் 4 கிராம், அதில் பெரும்பகுதி பாலிலிருந்து வருவது. அம்மா கொடுத்த முட்டைப் பாலில் ஒரு முழு முட்டை இருந்தது. அதிலேயே 6 கிராம்.

அப்படியானால் அந்தக் கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது? அதற்கு 'இன்கிரீடியண்ட்ஸ்' பட்டியலைப் படிக்க வேண்டும். எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். பால், க்ரீம், சர்க்கரை, அப்புறம்தான் முட்டை மஞ்சள் கரு வரும். சிலவற்றில் சர்க்கரையோடு கார்ன் சிரப்பும் தனியாக இருக்கும். இரண்டும் சர்க்கரைதான், பிரித்து எழுதினால் வரிசையில் கீழே போய்விடும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கடைசியில் குவார் கம், காராஜீனன் என்று வரும். குவார் கம் நம் கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது, காராஜீனன் கடல்பாசியிலிருந்து. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வழவழப்பில் முட்டையோடு இவற்றுக்கும் பங்கு உண்டு. சில பெட்டிகளில் நிறத்துக்கு மஞ்சள் சாறும் அன்னாட்டோ என்ற விதைச் சாயமும் போட்டிருக்கும். மஞ்சளாக இருப்பதால் முட்டை நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் முட்டை கலந்திருந்தால் பாக்கெட்டில் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்கும், பார்த்ததும் வைத்துவிடலாம். அமெரிக்கப் பெட்டியில் அந்தக் குறி கிடையாது. பட்டியலுக்குக் கீழே 'கண்டெய்ன்ஸ்: மில்க், எக்' என்று தடித்த எழுத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள். போன வருஷம் எங்கள் சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமை விரதத்தில் இருந்தபோது யாரோ ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். பாவம், அன்று முழுவதும் அவருக்கு மனசு ஆறவில்லை.

சோடியம் ஒன்றும் பெரிதாக இல்லை. கால்சியம் அரைக் கப்பில் சுமார் 150 மில்லிகிராம் கிடைக்கும், பாலுக்குச் சமம். இந்தப் பானத்தில் நல்லது என்று சொல்ல அதுதான் இருக்கிறது.

வலது ஓரத்துச் சதவீதங்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறைவு, 20 அல்லது அதற்கு மேலே இருந்தால் அதிகம். எக்நாக்கில் நிறைவுற்ற கொழுப்பும் சேர்த்த சர்க்கரையும் 20-ஐத் தாண்டியிருக்கும், அதுவும் அரைக் கப்புக்கே.

கடையில் பக்கத்திலேயே 'லைட்', 'லோ ஃபேட்' என்றும் பெட்டிகள் இருக்கும். மகள் அதை எடுத்து, "இது உனக்கு ஓகேம்மா" என்றாள். கொழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது, கலோரி 140-க்கு வந்திருந்தது. சர்க்கரையோ கிட்டத்தட்ட அதேதான். எனக்கு அது உதவாது. கொழுப்புக்காகப் பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு உதவும். யாருக்கு எந்த வரி முக்கியம் என்று முடிவு செய்துகொண்டு பெட்டியை எடுக்க வேண்டும். பாதாம், ஓட்ஸ், தேங்காய்ப் பாலில் செய்கிறவையும் உண்டு, அவற்றில் முட்டையும் இல்லை, கொலஸ்ட்ராலும் இல்லை. ஆனால் பாதாம் பானங்களில் புரதம் ஒரு கிராம் அளவுக்குத்தான் இருக்கும். சேர்த்த சர்க்கரையை அவற்றிலும் பார்க்க வேண்டும்.

மதுக்கடையில் கண்ணாடி பாட்டிலில் விற்கும் எக்நாக் வேறு. அதில் ஏற்கனவே ரம்மோ பிராந்தியோ கலந்திருக்கும், மது என்பதால் இந்த ஊட்டச்சத்துக் கட்டமே பெரும்பாலும் இருக்காது. வீட்டில் யாராவது சாதாரண எக்நாக்கில் ரம் கலந்தாலும் 44 மில்லிக்குச் சுமார் 100 கலோரி கூடும். அதைவிட முக்கியமாக, இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு மது பல மணி நேரம் கழித்துச் சர்க்கரையைத் தாழ்வாக இறக்கிவிடும். விருந்தில் நீட்டினால் "இதுல ஏதாவது கலந்திருக்கா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அங்கே வாங்கியதை இங்கே பழகிய கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எண்களை 1.2-ஆல் வகுங்கள். நம் பாக்கெட்டுகளில் 100 மில்லிக்குத்தான் முதலில் போடுவார்கள், அவர்களுடையது 120 மில்லிக்கு. 21 கிராம் சர்க்கரை வகுத்தால் 100 மில்லிக்கு 17.5. இதை மனசில் வைத்துக்கொண்டு கடையில் நீங்கள் வாங்கும் எந்தப் பாட்டிலோடும் ஒப்பிடலாம். இங்கே 'கிலோகலோரி' என்று இருப்பதும் அங்கே 'கலோரிஸ்' என்று இருப்பதும் ஒன்றே.

இப்போது நான் என்ன செய்கிறேன்? மகள் வீட்டில் இருந்த மீதி நாட்களில் என் டம்ளரின் வெளிப்பக்கத்தில் 60 மில்லி மட்டத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். அதுவரை எக்நாக், மேலே சர்க்கரையில்லாத குளிர்ந்த பால் 60 மில்லி. மொத்தச் சர்க்கரை 13.5 கிராம் ஆகிறது, சேர்த்தது 7-க்குச் சற்று மேல். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேலே குடிப்பதில்லை, மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக. கொழுப்பு நிறைய இருக்கும் பானம் என்பதால் சர்க்கரை மெதுவாக ஏறி அதிக நேரம் நிற்கலாம். அதனால் இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவையும் நான்கு மணி நேரத்தில் ஒரு தடவையும் குத்திப் பார்த்தேன். கோடு போட்ட பிறகு 170-ஐத் தாண்டவில்லை. உங்கள் உடம்பு வேறு மாதிரி இருக்கும், உங்கள் மீட்டரையும் மருத்துவரையும் கேளுங்கள். திறந்த பெட்டியை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

இந்த டிசம்பரில் பெரம்பூரில்தான் இருக்கப்போகிறேன். மகள்தான் வருகிறாள். அவளுக்காக நானே செய்து பார்த்தேன், எண்களோடு சொல்கிறேன். ஆவின் நீலப் பாக்கெட் பால் 180 மில்லி, ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் சர்க்கரை. முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக அடித்து வையுங்கள். பாலை ஆவி வரும்வரை சூடாக்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையில் ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். ஒரேயடியாக ஊற்றினால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். எல்லாவற்றையும் திரும்பப் பாத்திரத்தில் விட்டு, சிறு தீயில் கொதிக்க விடாமல் கிளறுங்கள். கரண்டியின் முதுகில் தோய்ந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 71 டிகிரி. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமிக்கு அந்தச் சூடு வேண்டும். வடிகட்டி ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் குளிர விடுங்கள்.

இந்த ஒரு டம்ளரில் சுமார் 200 கலோரி, புரதம் 11 கிராமுக்கு மேல், சேர்த்த சர்க்கரை 4 கிராம். அதே டம்ளரில் கடை எக்நாக் ஊற்றினால் 270 கலோரி, புரதம் 6, சேர்த்த சர்க்கரை 22.5. கொலஸ்ட்ரால் மட்டும் வீட்டில் செய்ததில்தான் அதிகம், ஒரு முழு முட்டையின் 186 மில்லிகிராம் அப்படியே இருக்கிறது. அதனால் என் வீட்டுக்காரருக்கு ஒரு முட்டையை இரண்டு டம்ளர் பாலுக்குப் போட்டுச் செய்கிறேன். கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும், அவருக்கு அது பிடித்துப் போயிற்று.

ஜாதிக்காயை முழுசாக வாங்கி, குடிக்கும்போது துருவிப் போடுங்கள். இரண்டு இழுப்பு போதும்.